வெற்றிலையில் இரண்டெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவிக்கொத்துக்கான 14-வது இரும்பு வெற்றிலையும் எழுத்தோடு ஒழுங்காக வந்துவிட்டது. 14 இலை தேற 23 இலை அடிக்க வேண்டியிருந்தது. கெட்டுப்போன 9 இலையும் ஒரு பெயிண்ட் டப்பாவில் கிடக்கின்றன. அந்த டப்பாவைத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. தோட்டத்திலேயே புது வீடு கட்டி, வருகிற தையில் பால் காய்ச்சுகிறார். நெருங்கிய சொந்தத்தில் 14 குடும்பம். ஆளுக்கொரு சாவிக்கொத்து, என் கையால் அடித்து, அவரவர் இனிஷியலோடு தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். கொண்டலாம்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பில் ஒரு சின்ன உலை வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் வந்த தைரியம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "புதுவீட்டு விசேஷத்துக்கு எவனாவது இரும்பக் குடுப்பானா?" என்றார். வெற்றிலை வடிவத்தில் செய்யப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். மாதிரியைப் பார்த்த மாமா, "நம்ம மிளகு இலை மாதிரியே இருக்கு மாப்ள" என்றார். அவர் தோட்டத்தில் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடிதான் ஏறியிருக்கிறது. மிளகும் வெற்றிலையும் ஒரே குடும்பம், இலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக இரண்டு பேருக்கும் திருப்தி.

முதலில் கையில் எடுத்தது வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை. சும்மா கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். அதன் மேலிருக்கும் வரிகள் தட்டத் தட்ட மடிந்து உள்ளே போய், இலை முழுக்கக் கீறலாக நின்றன. எழுத்து எது, கீறல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. டப்பாவில் முதல் இரண்டு அவைதான். மாமா மகன் வேறு, "சேலத்துல இருந்துக்கிட்டு ஸ்டெயின்லெஸ்ல பண்ணாம துருப்பிடிக்கிற இரும்புல பண்றீங்களே மச்சான்" என்று சீண்டினான். சரி என்று பழைய மாடிப்படிக் கைப்பிடியின் ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஒன்று முயன்றேன். என் கரி உலைச் சூட்டுக்கு அது அசையவே இல்லை. சுத்தியல் கைக்குத்தான் திரும்பி வந்தது. எழுத்தும் நகத்தால் கீறிய ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. டப்பாவில் மூன்றாவது.

அப்புறம்தான் கிரில் பட்டறைக்குப் போய் 12 மி.மீ. உருண்டை எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண மென்மையான இரும்பு) ராடு ஒன்றரை மீட்டர் வாங்கினேன். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.89. ஒன்றரை மீட்டருக்கு 1.33 கிலோ, 100 ரூபாய். கஞ்சமலை ஓடை மணலில் காந்தத்தை இழுத்து, ஒட்டிய கறுப்பு மணலைத் தீப்பெட்டியில் சேர்த்துவைத்த பையன் நான். அந்த மலை இரும்பில் ஒரு இலையாவது அடிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. ஆனால் மணலை உருக்கி இரும்பாக்குவது தனி வேலை. இப்போதைக்குக் கிரில் கம்பிதான்.

இலை அடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. கம்பி நுனியை நன்றாகச் சிவக்க வைத்துக் கூராக்கி, நுனியிலிருந்து 30 மி.மீ. விட்டு, தண்டவாளத் துண்டின் ஓரத்தில் வைத்துக் கழுத்தை 5 மி.மீ.க்கு இறக்க வேண்டும். பட்டறைக்கல் வாங்க வசதியில்லை. 18 கிலோ தண்டவாளத் துண்டுதான் எனக்கு எல்லாமும். கழுத்துக்கு முன்னால் உள்ள 30 மி.மீ. கம்பியைத் தட்டையாக்கினால் 45 மி.மீ. நீளம், 35 மி.மீ. அகலம், மூன்றரை மி.மீ. கனத்தில் இலை கிடைக்கும். கழுத்துக்குப் பின்னால் 80 மி.மீ. காம்பு நீட்டி வெட்டிச் சுருட்டினால் வளையம் மாட்ட இடம் ஆயிற்று. ஒன்று முடிந்தால் 35 கிராம் சொச்சம். நடுநரம்புக்கு இடப்பக்கம் இனிஷியல், வலப்பக்கம் பெயரின் முதலெழுத்து.

எழுத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் இங்கிலீஷ் எழுத்துப் பஞ்ச் செட் ஒன்று உண்டு, முனையில் எழுத்து வெட்டிய, சுத்தியலால் அடித்துப் பதிக்கும் கம்பிகள். 27 உருப்படி, 6 மி.மீ., முன்பு 650 ரூபாய்க்கு வாங்கியது. ஆறிய இலையில் குத்திப் பார்த்தேன். ஒரே அடியில் ஆழம் போதவில்லை. இரண்டாவது அடிக்குப் பஞ்ச் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், எழுத்து இரட்டையாகத் தெரியும், கண்ணில் பூ விழுந்தவன் பார்ப்பதுபோல. பழுக்கக் காய்ச்சிக் குத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஆனால் மூன்றாவது இலைக்குள் பஞ்சின் முகமே மழுங்கிவிட்டது. சூடான இரும்பில் ஒரு நொடிக்கு மேல் வைத்தால் பஞ்சின் பதம் (கெட்டித்தன்மை) போய்விடும் என்பதை 650 ரூபாய் செட்டைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அதைக் காட்டியபோது மாமா கேட்டார்: "பத்திரத்துலயே தமிழ்லதான் கையெழுத்துப் போடறேன். நீ ஏன் பி.எஸ்.னு குத்தற? ப.ச.ன்னு போட முடியாதா?"

முடியாதா என்று கேட்டால் என்ன சொல்வது? லீ பஜாரில் இரண்டு டூல்ஸ் கடையில் தமிழ் எழுத்துப் பஞ்ச் செட் கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், ஆர்டர் கொடுத்தால் செய்து வாங்கித் தருவதாகவும் எழுத்துக்கு 450 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு 11 எழுத்து தேவை. 4,950 ரூபாய். 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு ப கிடைக்கவில்லை. சரி, நாமே அராவிக்கொள்ளலாம் என்று 8 மி.மீ. சில்வர் ஸ்டீல் (பெயர்தான் சில்வர், காய்ச்சித் தோய்த்தால் கெட்டியாகும் உருக்கு) ராடு ஒரு அடி வாங்கினேன், 160 ரூபாய்.

தாத்தா பெயர் ப-வில் தொடங்கும். மாமாக்கள், பெரியம்மா என்று ஐந்து பேருக்கு அதுதான் இனிஷியல். அதனால் முதலில் ப. இரண்டு மணி நேரம் நீடில் ஃபைலால் அராவினேன். உலையில் காய்ச்சி, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் கடலை எண்ணெயில் தோய்த்தேன். பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடுகாட்டி எடுத்தேன். குத்தினால் அச்சுப்போல ப. அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு ச. வளைவுக்குள் 1 மி.மீ. ட்ரில் விட்டு, மூன்று மணி நேரம் குனிந்து அராவி, தோய்ச்சல் போட்டு, முதல் இலையில் ஓங்கி ஒரு அடி. சூட்டில் இரும்பின் மேல் படிகிற கறுப்புச் செதிலைக் கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டுப் பார்த்தால் ச திரும்பி நிற்கிறது. ரப்பர் ஸ்டாம்பை நேரே பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. பஞ்சில் எழுத்து இடம் வலம் மாறித்தான் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ப-வை இடம் வலம் மாற்றினாலும் ப-தான் என்பதால் போன வாரம் தப்பு தப்பாகத் தெரியவில்லை. தோய்ச்சல் போடுவதற்கு முன்னால் ஒரு குளியல் சோப்பில் அழுத்திப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் புரிந்திருக்கும். இப்போது எந்தப் பஞ்ச் செய்தாலும் முதலில் சோப்பில்தான் குத்துகிறேன்.

ச-வையும் சேர்த்து இன்னும் 10 எழுத்து, எழுத்துக்கு மூன்று மணி நேரம் என்று யோசித்தபோதே சோர்ந்துவிட்டது. அந்த வாரம் தங்கச்சி மகளுக்குக் கொலுசு எடுக்கச் செவ்வாய்ப்பேட்டை போனோம். அங்கே பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பழக்கம். அவர் மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய விரல் நீளக் கம்பிகள். ஒன்றின் முனை பிறை மாதிரி, இன்னொன்று புள்ளி, இன்னொன்று சின்ன வட்டம். பூ, இலை, கொடி எல்லாம் இவற்றைத் திருப்பித் திருப்பி வைத்துக் குத்துவதுதான். என் ச-வின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு செம்புத் தகட்டுத் துண்டை எடுத்து, கோட்டு உளியால் மூன்று தட்டு, பிறை உளியால் மூன்று தட்டு. ச.

"முழு எழுத்தா எதுக்கு வெட்டறீங்க தம்பி? பூவுக்குப் பூவா அச்சு வச்சிருக்கோம்?"

அம்மாவின் கல்யாணக் குடத்தில் பெயர் வெட்டியிருப்பதும் இப்படித்தான். பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரே ஒரு உளியால் டிக் டிக்கென்று பெயர் முழுக்கக் குத்திவிடுவார். நாற்பது வருஷமாக அந்தக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. நேர்கோட்டுக்கும் பிறைக்கும் இடம் வலம் கிடையாது. கையைத் திருப்பினால் போதும், கண்ணாடித் தகராறே இல்லை.

செய்துகொண்டவை இவ்வளவுதான்: 6 மி.மீ. கோடு, 3 மி.மீ. கோடு, பெரிய பிறை, சின்ன பிறை, சின்ன வட்டம். புள்ளிக்கு இருக்கிற சென்டர் பஞ்சே போதும். கோட்டு உளிகளை அரத்தாலேயே முடித்துவிட்டேன். பிறைக்கும் வட்டத்துக்கும் லேத்தில் கொடுத்தேன். பெரியதற்கு ராடின் முனையில் 4 மி.மீ. துளை, 4 மி.மீ. ஆழத்துக்கு, வெளிப்பக்கத்தை 5.6-க்குக் கடைந்தால் சுவர் 0.8 மி.மீ. நிற்கும். அந்த வளையத்தில் பாதியை அராவி எடுத்துவிட்டால் பிறை. சின்னதற்கு இரண்டரை மி.மீ. துளை, அதே கணக்கு. மூன்று ராடுக்கு 90 ரூபாய் வாங்கினார்கள். விளிம்பைக் கத்தி மாதிரி கூராக்கக் கூடாது. கூராக இருந்தால் இரும்பை வெட்டி இரண்டு பக்கமும் பிசிறு எழுப்பும். நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்க வேண்டும், பிடிக்கக் கூடாது.

முதல் சின்ன பிறையை அவசரத்தில் தண்ணீரில் தோய்த்துவிட்டேன். 'டிங்' என்று ஒரு சத்தம், சுவரில் விரிசல். மெல்லிய சுவருக்குத் தண்ணீர் ஆகாது. மறுபடி ஒரு அடி ராடு, மறுபடி 160. அடுத்ததைக் கைபொறுக்கும் சூட்டில் கடலை எண்ணெயில் இறக்கினேன். பதத்துக்கு உளியின் அடிப்பக்கத்தைப் பழுத்த இரும்புத் துண்டின் மேல் வைத்தால், நிறம் கீழிருந்து ஊர்ந்து முனைக்கு வரும். முனையில் வைக்கோல் நிறம் தொட்டதும் எண்ணெயில் போட்டுவிட வேண்டும். நீலம் வந்துவிட்டால் தாமதம், மறுபடி முதலிலிருந்து.

இனி எழுத்து. சிவந்த இரும்பில் எங்கே குத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது. பென்சில் கோடு எரிந்துபோகும். வெல்டிங் ஆட்கள் கோடு போடும் மாக்கல் துண்டை எடுத்தேன், நம்மூர்க் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான். சூட்டில் அழியாது என்பது உண்மைதான், ஆனால் செதில் உதிரும்போது கோடும் சேர்ந்து உதிர்ந்துவிடுகிறது. கடைசியில், இலை ஆறியிருக்கும்போதே எழுத்தின் மூலைகளில் சென்டர் பஞ்சால் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி வைத்துக்கொண்டேன். சிவந்த பிறகு அந்தப் புள்ளிகள் கறுப்பாகத் தெரிகின்றன.

உலையிலிருந்து எடுத்ததும் கம்பிப் பிரஷால் இரண்டு இழுப்பு. இதை விட்டால் செதில் எழுத்துக்குள் அமுங்கி, பிறகு உதிர்ந்து குழி விழும். இலையைத் தண்டவாளத்தின் நடுவில் வைத்து, உளியை நிமிர்த்திப் பிடித்து, 800 கிராம் சுத்தியலால் ஒரே அடி. உடனே உளியைத் தண்ணீரில் நனைத்து அடுத்த கோடு. ஒரு சூட்டில் மூன்று அடி, மிஞ்சினால் நான்கு. சிவப்பு மங்கிய பிறகு ஆசைப்பட்டு இன்னொரு அடி கொடுத்தால் எழுத்து ஆழமாகாது, உளிதான் மழுங்கும். ப மூன்று அடியில் முடியும். ட இரண்டே அடி, அந்த எழுத்தில் பெயர் தொடங்குபவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. வ-வுக்கு வட்டம் ஒன்று, கோடு மூன்று. இ-க்கு ஒன்பது அடி, மூன்று சூடு. முதல் இ கைமுறுக்கு மாதிரி வந்தது, டப்பாவுக்குப் போயிற்று. சித்தப்பாவின் இனிஷியல் இரா. நரம்புக்கு இந்தப் பக்கம் இடம் போதவில்லை. அவருக்கு மட்டும் 40 மி.மீ. கம்பி எடுத்து இலையைப் பெரிதாக அடித்தேன். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் என்ன சொல்வார்களோ.

வரிசையும் முக்கியம். முதலில் எழுத்தைக் குத்திவிட்டு அப்புறம் நரம்பு போட்டேன். நரம்பு உளி இரும்பை இரண்டு பக்கமும் தள்ளியதில் எழுத்து சாய்ந்தது. நரம்பு முதலில், எழுத்து பிறகு என்று மாற்றினேன். இன்னொன்று, காம்பைச் சுருட்டும்போது இலையைக் குறடால் பிடித்ததில் குறட்டின் பல் சரியாக ம-வின் மேல் பதிந்துவிட்டது. இப்போது வைஸில் இரண்டு பக்கமும் செம்புத் தகடு வைத்துத்தான் இலையைப் பிடிக்கிறேன்.

இடையில் அத்தை போன் செய்தார். அவர் வீட்டு இலையில் மாமாவுடைய எழுத்துதான் இருக்கும் என்று கேள்விப்பட்டு, "வீட்டுச் சாவி யார்ட்ட இருக்குன்னு நினைக்கற?" என்று கேட்டார். நியாயம்தான். அவர் எழுத்தையே போட்டேன். அப்புறம் பெரியம்மாவும் கேட்டார், சித்தியும் கேட்டார். கடைசிக் கணக்கில் 14-ல் 6 இலை பெண்கள் பேரில்.

மெருகு போடும்போதும் ஒரு தப்பு. முதல் மாதிரிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி மாமாவிடம் கொடுத்தேன். ஐப்பசி மழையும் ஏற்காட்டு மூடுபனியும் சேர்ந்து இரண்டே வாரத்தில் காவி பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்காகவே நிற்கும், துடைத்தால் போய்விடும். இப்போது போடுவது ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். மெழுகு மாமா தோட்டத்துப் பெட்டியிலேயே கிடைத்தது. தொட்டால் எண்ணெய் புகைகிற சூட்டில் இலையைத் துணியால் துடைத்தெடுத்தால் கறுப்பு கெட்டியாக உட்கார்ந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு வேலை: சூடு குறையும்போது பித்தளைப் பிரஷால் இலை முகத்தைத் தேய்த்தால் பித்தளை லேசாக ஒட்டி முகம் பொன்னிறமாகிவிடும். பள்ளத்தில் இருக்கும் எழுத்துக்குப் பிரஷ் எட்டாது, அது கறுப்பாகவே நிற்கும். கண்ணாடி போடாமலே அம்மா வாசித்துவிட்டார்.

செலவு: கம்பி 100, சில்வர் ஸ்டீல் 320, லேத் 90, கரி 12 கிலோ 480, பித்தளைப் பிரஷ் 90, ஆளிவிதை எண்ணெய் 70, வளையம் 14-க்கு 70. மொத்தம் 1,220. ஒன்றுக்கு 87 ரூபாய். கெட்டுப்போன இங்கிலீஷ் செட்டைச் சேர்க்கவில்லை. ஐந்து ஞாயிறு போயிற்று. முதல் இலைக்கு ஒன்றரை மணி நேரம், கடைசி இலைக்கு 35 நிமிஷம்.

அடுத்த முறை இலையை நாலரை மி.மீ. கனத்தில் விடுவேன். இப்போதைய மூன்றரையில் ஆழமாகக் குத்தினால் பின்பக்கம் எழுத்தின் நிழல் தெரிகிறது. சின்ன பிறைக்கும் பெரிய பிறைக்கும் நடுவில் இன்னொரு அளவு வேண்டும். ஞ வந்தால் இருக்கிற உளிகளை வைத்துச் சமாளிக்க முடியாது. நல்லவேளை, இந்த 14-ல் ஞ இல்லை. ஆனால் பெரியப்பா மருமகனுக்கும் ஒன்று வேண்டுமாம். அவர் இனிஷியல் ஜ. நேற்று சோப்பில் இரண்டு தடவை முயன்றேன், இன்னும் சரியாக வரவில்லை.